ஆங்கிலப் பாட்டுக்குச் சாற்றுமுறை

1

பெரிய கோயிலின் கிழக்கு நடையில் பாண்டவர்களை நிறுத்திவிட்டார்கள். பங்குனி உற்சவம் நெருங்கும்போது ஐவரின் உருவங்களையும் வீட்டுக் கூரையை மிஞ்சும் உயரத்தில் அங்கே வரிசையாக நிறுத்துவது இவ்வூர் வழக்கம். நான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியதும் ஒரு பங்குனியில்தான். வண்டியை விட்டு இறங்கி நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டவன் பீமன். எம்பெருமானைச் சேவிக்க வந்தவன், பீமனின் மீசையைக் கண்டு சற்றுத் தயங்கி நின்றேன். அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் பீமன் எழுந்து நிற்கும் நாளே இவ்வூரில் எனக்கு வயது ஏறும் நாளாகிவிட்டது.

இந்த ஆண்டு பீமனுக்கு எதிரே என் பக்கத்தில் அண்ணாவும் நின்றார். தாமிரபரணிக் கரையில், எங்கள் ஊர்க் கோயிலில் பாசுரங்களைச் சேவிக்கும் கோஷ்டிக்கு அவர்தான் முதல் குரல். எழுபதைத் தாண்டியவர். உற்சவம் சேவிக்க வருவதாகத்தான் எழுதியிருந்தார். வந்து இறங்கியதும் வேறொரு காரியமும் இருப்பதைச் சொன்னார். என் மகள் வேதவல்லிக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். நல்ல குடும்பம், பாராயணம் தவறாத வீடு. ஆனால் பெண் கல்லூரியை விட்டு உடனே நின்றுவிட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

வேதா இங்குள்ள கல்லூரி ஒன்றில் ஆனர்ஸ் வகுப்பில் முதலாண்டு படிக்கிறாள். ஆங்கில இலக்கியம் பிரதான பாடம். அதனோடு நவீன மொழிகள் இரண்டு. அவள் எடுத்திருப்பவை பிரெஞ்சும் மலையாளமும். தமிழ் இல்லை.

"தமிழ் எங்கேடா?" என்று அண்ணா கேட்டார். பீமனைப் பார்த்தபடியேதான் கேட்டார். ஆனால் கேள்வி எனக்குத்தான்.

அந்தக் கேள்வியோடு ஓராண்டாக நானும் வாழ்ந்துகொண்டிருந்தேன். ஆகவே அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "அடுத்த வாரம் அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை இருக்கிறது, அண்ணா. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் மனம் நம் பாட்டை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால் நானே அவளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுகிறேன்."

இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அந்த நிம்மதியில்தான் நம் பக்கத்து வாசகர்களுக்கு இதை எழுதத் துணிகிறேன்.

2

வரைபடத்தில் பார்த்தால் நான் பிறந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் இடையே ஒரு மலைத்தொடர்தான். ஆயினும் அந்த மலையைத் தாண்டினால் ராஜ்யம் வேறு, நாணயம் வேறு, தபால்கூட வேறு. இங்கே அஞ்சல் என்று மகாராஜாவின் தபால் தனியாக ஓடுகிறது. தெரியாமல் அதன் பெட்டியில் நான் போட்ட முதல் கடிதம் ஊருக்குப் போகாமல், உத்தியோகஸ்தர் ஒருவரின் உபதேசத்தோடு என்னிடமே திரும்பி வந்தது.

முதல் தடவை வந்தபோது ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் என் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். பட்டுத் துணியில் சுற்றியிருந்த பாராயணப் புத்தகத்தைச் சுங்கக்காரர் கையில் எடுத்தார். புரட்டவில்லை, முகர்ந்து பார்த்தார். புகையிலை கடத்துகிறவர்கள் எதற்குள்ளும் வைப்பார்களாம்.

"இது விற்கானோ, சாமீ?" என்று கேட்டார்.

"இல்லை, சேவிக்க" என்றேன்.

"மணமொன்னும் இல்லா. பொக்கோ" என்று திருப்பித் தந்துவிட்டார். நான் பல நாள் அதை நினைத்துச் சிரித்ததுண்டு. திருத்துழாய் மணம் ஊறிய புத்தகம் அது.

ஆரியசாலையில் மிளகும் சுக்கும் மொத்தமாக வாங்கி விற்கும் நம் பக்கத்து வியாபாரி ஒருவரின் கடையில் கடிதப் போக்குவரத்து எழுதும் வேலை கிடைத்தது. முதலாளிக்குத் தமிழ், துறைமுகத்துக்கு ஆங்கிலம், சர்க்கார் கச்சேரிக்கு மலையாளம் என்று மூன்றிலும் எழுதினேன். அந்த ஆங்கிலம் மூட்டைகளின் எடையையும் கப்பல் புறப்படும் நாளையும் சொல்லத் தெரிந்த ஆங்கிலம். அதற்கு மேல் ஒரு சொல்லும் அறியாது. ஸ்ரீவராகத்தில் தெருக்கோடியில் வீடு. விடியலில் குளம், பிறகு திருமண் இட்டுக்கொண்டு பாராயணம், பிறகு கடை. வேலையை விட்ட பின்னும் கடையைத் தவிர மற்றவை அப்படியே நடக்கின்றன.

பேச்சுதான் மெல்ல மெல்ல மாறியது. ஆமாம் என்பதற்கு இவ்வூரில் 'அதே' என்பார்கள். ஒருமுறை ஊரில் ஒரு கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் "நீங்கதான் பெண்ணுக்குச் சித்தப்பாவா?" என்று கேட்க, நான் "அதே" என்று சொல்லிவிட்டேன். அண்ணா பந்தியில் உரக்கச் சொன்னார்: "இவன் திருமண் மட்டும்தான் நம்மூர்து. நாக்கை அங்கேயே குத்தகைக்கு விட்டுட்டான்."

என் மகன் சம்பத்துவுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. அவனுக்கு எட்டு வயது முதல் பக்கத்தில் உட்கார வைத்துப் பாசுரங்களைச் சொல்லிவைத்தேன். அழகாகச் சேவிப்பான். இப்போது பம்பாயில் இருக்கிறான். சென்ற ஆண்டு வந்தபோது விடியலில் என்னோடு உட்கார்ந்தவன் மூன்றாம் பாட்டில் நின்றுவிட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் பாட்டில் மறுபடி நின்றான். பிறகு காப்பி ஆறுவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் ஆபீஸ் அப்படி. ஆனால் சொல்லிவைத்த பிள்ளையே இப்படி ஆனால், சொல்லிவைக்காத பெண் என்ன ஆவாள் என்ற பயம் அன்றே வந்துவிட்டது. பெண்களுக்குச் சொல்லிவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் என் தகப்பனார் காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை.

3

வேதா தமிழை விட்ட கதையைச் சொல்ல வேண்டும். அவள் விட்டாள் என்பதைவிட, கால அட்டவணை விட்டது என்பதே பொருந்தும்.

ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் படிக்கிறவர்கள் நவீன மொழிகளில் இரண்டு படிக்க வேண்டும். ஒன்று ஐரோப்பிய மொழி, மற்றொன்று நம் தேசத்து மொழி. ஐரோப்பிய மொழியில் இங்கே பிரெஞ்சுதான் உண்டு. அதைச் சொல்லித் தருகிறவர் பேராசிரியையாக இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இவ்வூரார் பேச்சில் 'மதாம்மை'. ஆங்கிலச் செய்யுளும் அவரே நடத்துகிறார். தேசத்து மொழியில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. ஆகவே ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என்று எழுதிக் கையெழுத்திட்டு, மகளை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

குமாஸ்தா விண்ணப்பத்தைப் பார்த்தார். என் திருமண்ணையும் பார்த்தார். மரியாதையாகவே சொன்னார்: "சாமி, இது ஒத்துவராது. பிரெஞ்சும் தமிழும் ஒரே ஹவர்."

"பிரெஞ்சை வேறு நேரத்துக்கு மாற்றக்கூடாதா?"

"மதாம்மைக்கு அந்த ஒரு ஹவரே ஒழிவுள்ளூ."

"தமிழை?"

"தமிழ் முன்ஷி வேற காலேஜிலேருந்து வரணும். அவருக்கு அந்த ஹவர்ல வந்தாத்தான் பஸ் கிட்டும்."

குமாஸ்தா என்னைத் தலைமைக் குமாஸ்தாவிடம் அனுப்பினார். அவர் கல்லூரிக் கணக்கைக் கவனிக்கும் பர்சாரிடம் அனுப்பினார். பர்சார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது முதல் குமாஸ்தா பார்க்க வேண்டிய விஷயம் என்றார். மறுபடியும் முதல் மேஜைக்கே வந்து நின்றபோது, கோயிலைப் பிரதட்சிணம் செய்து கொடிமரத்துக்குத் திரும்பியது போல இருந்தது. பெருமாள் மட்டும் கண்ணில் படவில்லை.

வேதா மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, மலையாளம்னு போட்டுடுங்கோ. தமிழ் ஆத்துல இருக்கே."

அவள் சமாதானத்துக்காகச் சொன்னாள் என்று எண்ணினேன். தமிழ் என்று எழுதிய இடத்தில் என் கையாலேயே கோடிட்டேன்.

அவளைச் சேர்த்த அந்த ஆனி மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு விடியல் மாறிவிட்டது. முன்பெல்லாம் நான் பெருமாள் சந்நிதியில் உட்கார்ந்து சேவிக்கும்போது வேதா விளக்குத் துடைத்துக்கொண்டோ, கோலத்துக்கு மாவு கரைத்துக்கொண்டோ எதிரே நடமாடிக்கொண்டிருப்பாள். கல்லூரியில் சேர்ந்ததும் அந்த நேரம் அவள் படிக்கும் நேரமாயிற்று. நான் முதல் பாட்டைத் தொடங்கும்போது அவள் எழுந்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து ஆங்கிலம் முணுமுணுப்பாகக் கேட்கும். சில நாள் பிரெஞ்சு. அந்தக் கதவு சாத்தப்படும் சத்தம் மிகச் சிறியது. ஆனால் ஓராண்டாக என் பாராயணத்தில் ஒவ்வொரு நாளும் அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

4

அண்ணா வந்த மறுநாள் காலையிலேயே சோதனை நடந்தது. யுத்தத்தால் அரிசி கிடைப்பது அரிதாகி, தெருவெல்லாம் மரச்சீனிக் கிழங்கு வேகும் காலம். அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்ட அண்ணாவுக்காக என் மனைவி செல்லம்மா எங்கேயோ சொல்லிவைத்துக் கொஞ்சம் பச்சரிசி வாங்கியிருந்தாள். தளிகை ஆகிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சந்நிதியில் உட்கார்ந்தோம். வேதா கதவைச் சாத்த எழுந்தாள்.

"வேதா, இங்கே வா" என்று அண்ணா அழைத்தார். "இன்னிக்கு நீ ஆரம்பி. நாங்க பின்னாடி சேவிக்கறோம்."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். முகம் சிவந்தது. "வேண்டாம் பெரியப்பா."

"தெரியாதா, மறந்துடுத்தா?"

"நான் மாட்டேன் பெரியப்பா. நீங்க சேவியுங்கோ."

கதவு சாத்தப்பட்டது. அண்ணா என்னைப் பார்க்கவில்லை. பாராயணத்தைத் தொடங்கிவிட்டார். எங்கள் மரபில் ஒரு பதிகம் முடியும்போது கடைசிப் பாட்டை ஒரு தடவையோடு விடுவதில்லை. அதை இரண்டாம் முறையும் சேவிப்போம். அதுவரை உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சாற்றுமுறைக்கு எழுந்து கைகூப்பி நிற்பார்கள். அன்றும் எழுந்து நின்றோம். அண்ணாவின் குரல் வழக்கம்போல இரண்டாம் முறையில் தணிந்து, நதி கடலைச் சேர்வது போல அடங்கியது. நான் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இலை போட்டபோது அண்ணா செல்லம்மாவிடம் சொன்னார்: "வரனுக்குச் சம்மதம்னு எழுதிடலாமா?"

"பொண்ணைக் கேட்டேளா?" என்றாள் செல்லம்மா.

"பெருமாள் எதிர்ல கேட்டாச்சு. மாட்டேன்னுட்டாளே."

"பாட்டைத்தானே மாட்டேன்னா. படிப்பை விடறேன்னு அவ எங்கே சொன்னா? இவர் அடுத்த வாரம்னு வாக்குக் குடுத்திருக்கார். நாலு நாள் பொறுத்துக்கோங்கோ, சாத்தமுது ஆறறது."

அண்ணா சாப்பிட்டார். ஆனால் அன்று முழுவதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில், வரப்பு உடைந்த வயலைப் பார்க்கிறவரின் பரிதாபம் இருந்தது.

5

வாய்மொழிப் பரீட்சையை மதாம்மை பெரிய கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் வைத்தார். பெற்றோரும் வரலாம் என்று அழைப்பு. ஆனர்ஸ் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவர்கள் ஓர் ஆங்கிலச் செய்யுளையும், ஒரு பிரெஞ்சுச் செய்யுளையும் முழுதாக மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒரு வரி விட்டாலும் குறை, ஒரு வரி கூடினாலும் குறை. இதில் தேறாதவர்கள் ஆனர்ஸை விட்டுச் சாதாரண பி.ஏ. வகுப்புக்கு இறங்க வேண்டும்.

அண்ணாவும் வந்தார். "என்னதான் பண்றான்னு பார்த்துட்டே போறேன்" என்று பஞ்சகச்சமும் உத்தரீயமுமாக முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாதவன் பிள்ளை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் பேத்தியும் அதே வகுப்பு. ஆங்கிலம் நன்கு தெரிந்தவர். நான் கேட்காமலேயே எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார்.

பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறிச் சொன்னார்கள். மாதவன் பிள்ளையின் பேத்தி கையை ஆட்டி, கண்ணை மூடி, நாடகம் போலச் சொன்னாள். அவர் என் தொடையைத் தட்டி மகிழ்ந்தார். பிறகு வேதா ஏறினாள்.

அவள் கையை ஆட்டவில்லை. இரு கைகளையும் கோத்துக்கொண்டு, பார்வையைச் சற்றே தாழ்த்தி நின்றாள். தொடங்கினாள்.

"கடலில் போய ஒருத்தன் திரும்பி வரணும்னு ஒரு பெண்ணு கரையில நின்னு காத்திருக்கறதாணு பாட்டு" என்று மாதவன் பிள்ளை காதோரம் சொன்னார்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஏதோ ஒன்று பழகியதாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் பாதியில் ஒரு சிறு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் ஒரு மூச்சு, பிறகு மீதிப் பாதி. மற்ற பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. அண்ணா முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் விரல் முழங்காலில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

பாட்டு முடிந்தது. மாதவன் பிள்ளை "தீர்ந்நு" என்றார். மதாம்மை பென்சிலை எடுத்தார்.

வேதா மேடையை விட்டு இறங்கவில்லை. ஒரு மூச்சு எடுத்தாள். கடைசிச் செய்யுளின் முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினாள். அதே சொற்கள்தான். பொருள் தெரியாத எனக்கும் அது தெரிந்தது. குரல் மட்டும் இப்போது தணிந்திருந்தது.

என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணா எழுந்து நின்றுவிட்டார். உத்தரீயத்தை இடுப்பில் இறுக்கி, கை இரண்டையும் தலைக்கு மேலே கூப்பி, கண்ணை மூடியிருந்தார். தாம் நிற்பது கோயிலில் அல்ல என்பதை அவர் அறிந்திருந்தார் என்று சொல்லமாட்டேன்.

மறைக்கிறது, உட்காருங்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சாமி, ஒன்னு இரிக்கூ. காணான் வய்யா."

சில பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வேதா முடித்துவிட்டுப் பார்வையை உயர்த்தினாள். பெரியப்பா நிற்பதைப் பார்த்தாள். அப்போதுதான் தான் செய்தது அவளுக்கு விளங்கியது போலும். முகம் வெளுத்துவிட்டது.

"மோளுக்குத் தெற்றிப்போச்சே, சாமி. அவசானம் ரண்டு தவண சொல்லிப்போச்சு" என்று மாதவன் பிள்ளை வருந்தினார். "மார்க்குப் போவும், கேட்டோ."

மதாம்மை ஏதோ கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஆனால் கண்டிப்பு இருந்தது. ஏன் இரண்டு தடவை சொன்னாய், பாடப்புத்தகத்தில் அப்படி இல்லையே என்று கேட்கிறார் என்றார் பிள்ளை. வேதா கோத்திருந்த கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டாள். அந்தச் சில கணங்களில் நான் எம்பெருமானிடம் கேட்டுக்கொண்டது மதிப்பெண்ணுக்காக அல்ல. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அது அவளுக்குத் தீங்காக முடியக்கூடாது என்றுமட்டும் வேண்டிக்கொண்டேன்.

பிறகு அவள் பேசினாள். தலை நிமிர்ந்தே பேசினாள். மாதவன் பிள்ளை கேட்டுச் சொன்னார்: "எங்க வீட்டில பாட்டு முடியறப்போ கடைசியை ரண்டு தவண சொல்லும். ஒரு தவண சொல்லிட்டு இறங்கிப் போக மனசு வராது. அந்தப் பழக்கம் வந்துபோச்சு, க்ஷமிக்கணும். இதாணு மோள் பறஞ்சது."

மதாம்மை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நின்றுகொண்டிருந்த அண்ணாவைப் பார்த்தார். தாளில் ஒன்றும் எழுதாமல், அடுத்தது என்று கையால் காட்டினார்.

பிரெஞ்சுச் செய்யுள் சிறியது. வேதா இந்தத் தடவை எச்சரிக்கையாகச் சொன்னாள். முடிந்ததும் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். இறங்கப் படியில் காலை வைத்தாள்.

மதாம்மை பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்.

அதற்கு மாதவன் பிள்ளையின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கூடத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை. வேதா திரும்பி வந்து நின்று, ஒரு மூச்சு எடுத்து, பிரெஞ்சின் கடைசி வரிகளை இரண்டாம் முறை சொன்னாள். அண்ணா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். நானும் எழுந்தேன். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இது ஏதோ மரியாதை என்று எண்ணிக்கொண்டு மாதவன் பிள்ளையும் எழுந்து நின்றார்.

6

வீட்டுக்கு வந்ததும் செல்லம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். வேதா முன்னதாக வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள்.

"ஏன்னா, வெள்ளைக்காரி பாட்டுக்கு அண்ணாவும் தம்பியும் எழுந்து நின்னேளாமே?"

"யார் பாட்டோ, அது முடியறது தெரிஞ்சுது. நின்னோம்" என்றார் அண்ணா. கால் அலம்பிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். வேதாவை அழைத்தார். அவள் தூணோரமாக வந்து நின்றாள்.

"அது என்னடி பாட்டு? அந்தப் பிள்ளைவாள் சொன்னார், ஒரு பொண்ணு காத்துண்டிருக்காளாமே. வரமாட்டானா அவன்?"

"பாட்டுல சொல்லலை பெரியப்பா. அவ காத்துண்டே இருக்கா. அத்தோட முடியறது."

"சரிதான். நம்ம பாசுரத்துலயும் பெருமாளுக்காக ஒருத்தி இப்படித்தானே காத்துண்டிருக்கா. அப்போ நம்ம பாட்டுதான்" என்றார் அண்ணா. பிறகு கேட்டார்: "அன்னிக்குக் காத்தாலே சேவிக்கச் சொன்னேனே. ஏன் மாட்டேன்னே?"

வேதா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"நீங்க பரீட்சை வெச்சேள் பெரியப்பா. காலேஜிலேயும் பரீட்சை, பெருமாள் எதிர்லயும் பரீட்சைன்னா நான் எங்கேதான் சும்மா சேவிக்கறது?"

செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் சிரிக்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது. அண்ணாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "நன்னாக் கேட்டா" என்று என்னிடம் சொன்னார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "கதவை ஏனம்மா சாத்திக்கொள்கிறாய்?"

"உங்க பாராயணத்துல என் இங்கிலீஷ் வந்து விழக்கூடாதேன்னுதான் அப்பா. உங்க குரல் கதவைத் தாண்டி வந்துண்டுதானே இருக்கு. அதுக்குள்ளேயே இதைச் சொல்லிப் பார்ப்பேன். அப்படிச் சொன்னாத்தான் எனக்கு நிக்கறது. மனப்பாடம் பண்ண எனக்கு வேற வழி தெரியாது."

ஓராண்டாக நான் பிரிவு என்று எண்ணிய கதவு, அவள் என் பாட்டுக்குச் செய்த மரியாதை. அன்று மாலை அண்ணாவும் நானும் கோயிலுக்குப் போய் அனந்தசயனனை மூன்று வாசல்கள் வழியாகவும் சேவித்தோம். ஒரு வாசலில் திருமுகம், ஒரு வாசலில் திருநாபி, ஒரு வாசலில் திருவடி. நெடுங்காலமாகச் சேவிக்கிறேன். எந்த வாசலிலும் முழுத் திருமேனியும் தெரிந்ததில்லை. தெரியவில்லையே என்று அன்று நான் குறைப்படவும் இல்லை.

வரன் வீட்டாருக்கு அண்ணா அன்றே எழுதிவிட்டார். பெண் படிப்பை முடித்துக்கொண்டுதான் வருவாள் என்று. "அவா காத்திருக்கமாட்டாளே" என்றேன். "காத்திருக்கத் தெரியாதவா ஆத்துக்கு இந்தப் பொண்ணு எதுக்கு?" என்றார். உற்சவத்தின் கடைசி நாளான ஆறாட்டு முடிந்த மறுநாள் கல்லூரிப் பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். இரண்டாம் ஆண்டு ஆனர்ஸுக்குப் போகிறவர்களில் வேதவல்லியும் இருந்தாள். மாதவன் பிள்ளையின் பேத்தியும் இருந்தாள். அதைச் சொல்ல அவர் ஸ்ரீவராகம்வரை நடந்து வந்தார்.

இன்று காலை அண்ணாவை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வேதாவும் வந்திருந்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் புறப்படும் நேரத்தில் என்னைக் கையசைத்துக் கிட்டே அழைத்தார்.

"வர பங்குனிக்கும் பாட்டுச் சொல்லச் சொல்லுவாளோ?"

"சொல்லச் சொல்லுவா அண்ணா."

"எழுது. வரேன்" என்றார். பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டி, வேதாவைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கடைசி வரிசையில இடம் போட்டு வைடி. எழுந்து நின்னா மறைக்கறதாம்."